குறைந்த பட்ஜெட்டில் க்ரூஸர் பைக்: சீட்டில் தொடங்கி ஆர்.சி. புக் வரை

க்ரூஸர் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது சி.சி. எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்பதுதான். அந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு க்ரூஸரில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முதலில் அதன் சீட்டைத்தான். இன்ஜின் அப்புறம். பத்து வருடத்துக்கு மேலாக க்ரூஸர்தான் ஓட்டுகிறேன். முதலில் பஜாஜின் பழைய அவெஞ்சர் 200 ஒன்று, பிறகு அவெஞ்சர் 220, இப்போது ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350. நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று பலருக்கு வண்டி பார்க்கக் கூடவே போயிருக்கிறேன். வாங்கிய ஆறே மாதத்தில் விற்றவர்களில் இன்ஜின் சரியில்லை என்று விற்றவர் யாருமில்லை. உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றோ, மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறது என்றோதான் விற்றார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

இங்கே பட்ஜெட் என்று நான் வைத்துக்கொள்வது, எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ரூபாய்க்குள். கையில் இருப்பது எழுபதாயிரம்தான் என்றாலும் வழி இருக்கிறது.

படி 1: உங்களுக்கு க்ரூஸர்தான் வேண்டுமா?

க்ரூஸர் என்றால் நீளமான வண்டி, தாழ்ந்த சீட், முன்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட், மேலே எழும்பி நம் பக்கம் வளைந்து வரும் ஹேண்டில்பார். ஸ்பிளெண்டரின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1236 மி.மீ. அவெஞ்சர் க்ரூஸ் 220இல் அதுவே 1490 மி.மீ. இந்தக் கால் மீட்டர் வித்தியாசம்தான் நெடுஞ்சாலையில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல நேராகப் போகக் காரணம். தெருமுனையில் ஒரே வீச்சில் திருப்ப முடியாமல் காலை ஊன்றிப் பின்னால் தள்ளித் திருப்ப வைப்பதும் இதே கால் மீட்டர்தான்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு நாலுவழிச் சாலையில் எண்பதில் போகும்போது க்ரூஸர் தரும் சுகம் வேறு எந்த வண்டியிலும் கிடைக்காது. அதே வண்டியைக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றினால் ஒவ்வொரு வளைவிலும் தோளுக்கு வேலை இருக்கும். ஏறும், மோசமில்லை. ஆனால் அது அதற்கான வண்டி இல்லை.

உங்கள் ஓட்டத்தில் முக்கால்வாசி நகர நெரிசலில் ஆபீஸ் போய் வருவதுதான் என்றால், வேறு வண்டியைப் பார்க்கச் சொல்வேன். மாதத்துக்கு இரண்டு முறையாவது நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர் என்றால் மேலே படியுங்கள்.

படி 2: உட்கார்ந்து பாருங்கள், இறங்க அவசரப்படாதீர்கள்

சாதாரண பைக்கில் கால் நமக்கு நேர் கீழே இருக்கும். பள்ளம் வருகிறது என்று தெரிந்தால் நம்மை அறியாமலே ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து இடுப்பைக் கொஞ்சம் தூக்கிவிடுவோம். அடி முழங்காலோடு நின்றுவிடும். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் அப்படி எழும்ப முடியாது. விழும் குலுக்கல் அத்தனையும் சீட் வழியாக நேரே வால் எலும்புக்குப் போகும். நம் ஊர்ச் சாலைகளில் பெயிண்ட் அடிக்காத வேகத்தடை எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்கனவே முதுகுவலி, டிஸ்க் பிரச்சினை இருப்பவர்கள் கட்டாயம் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா க்ரூஸரும் சோபாபோலத்தான் இருக்கும். அங்கே தரும் டெஸ்ட் ரைடும் ஒரு சிக்னல் வரை போய்த் திரும்புவதுதான். அது போதாது. அந்த வண்டி வைத்திருக்கும் யாரையாவது தேடிப் பிடித்து, பெட்ரோல் போட்டுக் கொடுத்து, முக்கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இருபதாவது நிமிடத்துக்கு மேல்தான் உடம்பு உண்மையைச் சொல்லும். வால் எலும்பில் வலி தொடங்குகிறதா, ஹேண்டில்பாரை எட்டிப் பிடிப்பதால் தோள்பட்டை இறுகுகிறதா, குதிகாலை எங்கே வைப்பது என்று கால் அலைபாய்கிறதா என்று கவனியுங்கள்.

என் தம்பிக்கு ஐந்தடி நாலு அங்குலம். அவெஞ்சரின் சீட் உயரம் 737 மி.மீ.தான் என்பதால் நின்றால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியும், அதில் குறையில்லை. ஓட ஆரம்பித்ததும் அவன் ஃபுட்ரெஸ்ட்டை எட்டுவதற்காகவே சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தான். பின்னால் போய் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த நுனியில் பஞ்சு மெல்லியது. விராலிமலை தாண்டுவதற்குள் இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்றான். உயரம் குறைந்தவருக்கு க்ரூஸர் தோது என்று பொதுவாகச் சொல்வது நிற்கும்போது சரி, ஓட்டும்போது காலின் நீளத்தைப் பொறுத்தது. அவனுக்கு மீட்டியோர் பொருந்தியது. அதில் சீட் 765 மி.மீ. உயரம் என்றாலும் ஃபுட்ரெஸ்ட் அவ்வளவு முன்னால் இல்லை.

அடுத்து எடை. மீட்டியோர் 191 கிலோ, அவெஞ்சர் 220 ஏறத்தாழ 163 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் வீட்டு வாசலில் சரிவு இருக்கிறதா? வண்டியை முன்பக்கமாக உள்ளே விட்டு, காலையில் மேட்டில் பின்னால் தள்ளி எடுக்க வேண்டியிருக்குமா? இன்ஜினை அணைத்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். தினமும் செய்யப்போகிற வேலை அது.

பின்னால் உட்காரப் போகிறவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். நம் வீடுகளில் அம்மாவும் மனைவியும் புடவையில் ஒருபக்கமாக உட்காருவது சாதாரணம். பின்சாய்வு வைத்த க்ரூஸரில் ஒருபக்கமாக உட்காரும்போது அந்தச் சாய்வே விலாவில் இடிக்கும். பின் சீட் அகலம் குறைவு, பிடித்துக்கொள்ள வாகான கம்பியும் இருக்காது. சாரி கார்டும் பக்கவாட்டு ஃபுட்ரெஸ்ட்டும் அந்த மாடலுக்குப் பொருந்துமா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

படி 3: பணக் கணக்கு

விளம்பரத்தில் வருவது எக்ஸ் ஷோரூம் விலை. நம் பையிலிருந்து போவது ஆன் ரோடு விலை. நடுவில் என்னென்ன நுழைகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 350க்கு மேல் போனால் 40 சதவீதம். பட்ஜெட் பார்த்து வாங்குகிறவருக்கு இது ஒரு கோட்டையே கிழித்துக் கொடுத்துவிட்டது. 349 சி.சி. மீட்டியோர் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஹார்லி டேவிட்சன் எக்ஸ் 440, சூப்பர் மீட்டியோர் 650 எல்லாம் அந்தப் பக்கம். கோட்டைத் தாண்டாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

அப்புறம் ஆயுள்கால சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தியபடி, ஒரு லட்சம் வரை விலையுள்ள இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இரண்டு லட்சம் ரூபாய் வண்டிக்கு இதுவே 24,000.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீட்டைப் புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும். 2022இல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய், 350க்கு மேல் 15,117 ரூபாய், வரி தனி. இங்கேயும் அதே 350 கோடுதான். சொந்தச் சேதக் காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியில் விலை கேட்டுக்கொண்டு போய் அந்தத் தாளைக் காட்டுங்கள், பெரும்பாலும் அங்கேயே குறைப்பார்கள்.

பில்லில் ஹேண்ட்லிங் சார்ஜ், டாக்குமெண்ட் சார்ஜ் என்று ஏதாவது இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். வேண்டாத எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்குகளை அடித்துவிடச் சொல்லுங்கள். கிராஷ் கார்டு மட்டும் இருக்கட்டும்.

கடனுக்கு வருவோம். பலர் ஏமாறுவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஒன்றரை லட்சம் கடன், 36 மாதம், 12 சதவீதம் என்று இரண்டு இடத்தில் சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு இடத்தில் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி. அங்கே மாதத் தவணை சுமார் 4,980 ரூபாய், மொத்த வட்டி 29,000 சொச்சம். இன்னொரு இடத்தில் அதே 12 சதவீதம், ஆனால் ஃபிளாட் வட்டி. முழு அசலுக்கும் மூன்று வருடமும் வட்டி போடுவார்கள். வட்டி 54,000, தவணை 5,667 ரூபாய். குறையும் அசல் கணக்கில் பார்த்தால் இந்த ஃபிளாட் 12 என்பது ஏறத்தாழ 21 சதவீதம். அதனால் சதவீதத்தைக் கேட்பதோடு நிற்காமல், 36 மாதத்தில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தவணை உங்கள் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், புது வண்டி ஆசையை விட்டுவிட்டுப் பழைய வண்டிப் பக்கம் வாருங்கள்.

பெட்ரோலுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவெஞ்சர் 220, மீட்டியோர் இரண்டுமே நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 35 கி.மீ. பக்கம் கொடுக்கும். எடுத்தவுடன் ஹெல்மெட், கையுறை, முதல் சர்வீஸ் இவற்றுக்கு ஒரு பத்தாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

படி 4: எந்த வண்டி?

அவெஞ்சரின் பரம்பரை 2001இல் பஜாஜ் இங்கே கொண்டுவந்த கவாஸாகி எலிமினேட்டர் 175இல் தொடங்குகிறது. 2005இல் அவெஞ்சர் 180 வந்தது, பிறகு 200, 220. குறைந்த விலையில் க்ரூஸர் என்ற எண்ணத்தையே நம் ஊரில் விதைத்தது இந்த வரிசைதான். 220இன் இன்ஜின் பல்சர் 220 குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் அருமை ஊர் விட்டு ஊர் போகும்போது தெரியும். மணப்பாறையிலோ பரமக்குடியிலோ நின்றுபோனாலும் அந்த இன்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் ஒருவர் இருப்பார், பாகமும் பக்கத்திலேயே கிடைக்கும். குறை என்றால், க்ரூஸ் மாடலில் ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பின்னால் டிரம் பிரேக்.

மீட்டியோர் 350, 2020 நவம்பரில் வந்தது. சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் தயாராகிற வண்டி. காகிதத்தில் பார்த்தால் அவெஞ்சர் 220க்கு 19 குதிரைத்திறன், மீட்டியோருக்கு 20. இதற்கா இவ்வளவு அதிக விலை என்று தோன்றும். ஆனால் பார்க்க வேண்டியது டார்க்கை, அதாவது இன்ஜினின் இழுவிசையை. அவெஞ்சரில் 17.55 நியூட்டன் மீட்டர், அதுவும் 7000 ஆர்.பி.எம்.மில். மீட்டியோரில் 27, அதுவும் 4000இலேயே. இருவர், இரண்டு பை, தொப்பூர் கணவாய் மாதிரி ஒரு ஏற்றம் என்று வந்தால், அவெஞ்சரில் ஒரு கியர் குறைத்து முறுக்க வேண்டும். மீட்டியோர் அதே கியரில் முனகாமல் ஏறும். அலாய் சக்கரம், ட்யூப்லெஸ் டயர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், இரண்டுக்கும் ஏ.பி.எஸ். (அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி), 15 லிட்டர் டேங்க். பணம் எட்டுகிறது என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

தனியாகவே ஓட்டுகிறவர் என்றால் ஜாவா 42 பாபரையும் பார்க்கலாம். 334 சி.சி., 740 மி.மீ. சீட் உயரம், ஆனால் சீட் ஒன்றுதான். பாதி க்ரூஸர் போதும் என்பவர்களுக்கு ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ்.ஸின் ரோனின் இருக்கிறது. 225.9 சி.சி., 160 கிலோ, கால் அவ்வளவு நீட்ட வேண்டியதில்லை, நகரத்தில் லகுவாகத் திரும்பும். தினசரி ஓட்டமும் வார இறுதிப் பயணமும் ஒரே வண்டியில் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் கைகாட்டுகிறேன்.

ஹியோசங் அக்விலா 250, யூ.எம். ரெனிகேட் போன்றவை பழைய வண்டிச் சந்தையில் ஆச்சரியப்படும் விலைக்கு வரும். அழகான வண்டிகள்தான். அவற்றின் விற்பனை இங்கே நின்றுபோய்விட்டது, உதிரிபாகத்துக்கு ஆள் தேட வேண்டும். இரண்டாவது வண்டியாக, பொறுமையாக வைத்துப் பராமரிக்க நேரமுள்ளவர் வாங்கலாம். முதல் வண்டியாக வேண்டாம். புதிதாக வரும் அயல்நாட்டு பிராண்டுகளுக்கும் ஒரே கேள்விதான்: சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?

படி 5: பழைய க்ரூஸரைப் பார்ப்பது எப்படி

ஒரு லட்சத்துக்குள் என்றால் நல்ல நிலையில் உள்ள அவெஞ்சர் 220தான் என் முதல் தேர்வு. முடிந்தால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதைத் தேடுங்கள். அன்று முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டியிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தது. அதற்கு முந்தைய கார்ப்பரேட்டர் வண்டியை எந்த மெக்கானிக்கும் சரிசெய்வார், பிந்தைய வண்டியில் சென்சார் பிரச்சினை என்றால் ஸ்கேனர் வேண்டும்.

காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, இன்ஜின் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். சில்லென்று இருக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் கடகடவென்று சத்தம் வரும், ஆயில் எரிந்தால் சைலன்சரில் நீலப் புகை வரும். லேசான வெள்ளை ஆவி வந்து மறைந்தால் பயமில்லை.

பிறகு ஹேண்டில்பார். நண்பரைப் பின்சீட்டில் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒரே விரலால் ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு குழியில் விழுந்து ஏறுவதுபோல் மாட்டினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங், போய்விட்டது. க்ரூஸரின் நீண்ட முன்பக்கத்துக்கு இது முக்கியம், நேராகப் போகும் சுகமே அதில்தான் இருக்கிறது. சரிசெய்யப் பெரிய செலவில்லை, விலையில் குறைக்கச் சொல்லலாம். ஆனால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் டேங்க்கில் இடித்தாலோ, கழுத்துப் பகுதியில் புது வெல்டிங்கும் புது பெயிண்ட்டும் தெரிந்தாலோ, அது அடிபட்ட வண்டி. விலை எவ்வளவு குறைத்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

முன் ஃபோர்க் குழாயை விரலால் மேலிருந்து கீழே தடவுங்கள். ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் சீல் மாற்ற வேண்டும். டேங்க் மூடியைத் திறந்து மொபைல் டார்ச் அடித்துத் துரு பாருங்கள். வார இறுதியில் மட்டும் ஓடிய க்ரூஸர்களில் இது அடிக்கடி உண்டு. மீட்டர் 15,000 காட்டுகிறது, ஆனால் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் ரப்பரை நம்புங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் தயாரானது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயருக்கு, பட்டன் (தேயாமல் மிஞ்சியிருக்கும் மேடு) எவ்வளவு இருந்தாலும், மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

சத்தத்துக்காக சைலன்சரை மாற்றிய வண்டி என்றால் அசல் சைலன்சர் கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்.சி.யில் பதிந்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. அபராதம் புது உரிமையாளர் தலையில்தான் விழும். அசல் இல்லையென்றால் அதன் விலையையும் கழியுங்கள்.

படி 6: பேப்பர்

என் முதல் அவெஞ்சரை வாங்கியபோது வண்டியை இன்ச் இன்சாகப் பார்த்தேன், ஆர்.சி.யில் எச்.பி. என்று, வண்டிமேல் கடன் இருப்பதைச் சொல்லும் ஒரு வரி இருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. விற்றவர் கடனைக் கட்டி முடித்திருந்தார், ஆனால் நிதி நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கவில்லை. அந்த ஒரு தாளுக்காக மூன்று மாதம் அலைந்தேன். அதுவரை பெயர் மாற்ற முடியவில்லை. இன்ஷூரன்ஸும் பழையவர் பெயரில் என்பதால், எங்கேயாவது இடித்தால் என்ன ஆவது என்ற பயத்திலேயே ஓட்டினேன். அந்த மூன்று மாதமும் வெளியூர் போகவே இல்லை.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே, பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் பெயர், எச்.பி., இன்ஷூரன்ஸ் தேதி, நிலுவை அபராதம் எல்லாம் பாருங்கள். எச்.பி. இருந்தால், அதை நீக்கும் படிவம் 35உடன் நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி. கையில் வரும் வரை முழுப் பணம் தர வேண்டாம். சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் விற்பவர் கையெழுத்தோடு வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

புதுச்சேரி, பெங்களூரு பதிவெண் வண்டிகள் மலிவாகத் தெரியும். அவற்றைத் தமிழ்நாட்டில் நிரந்தரமாக ஓட்ட, அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி இங்கே மறுபடி சாலை வரி கட்ட வேண்டும். இதைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளூர் வண்டியின் விலைக்கே வந்து நிற்கும்.

படி 7: வண்டி வீட்டுக்கு வந்த பிறகு

புது வண்டி என்றால் முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய வண்டி என்றால், பழைய ஓனர் நேற்றுதான் ஆயில் மாற்றினேன் என்று சொன்னாலும், இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர் நான்கையும் முதல் வாரத்தில் மாற்றிவிடுங்கள். பின் ஷாக் அப்சார்பரின் அழுத்தத்தை உங்கள் எடைக்கு ஏற்றபடி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஆள் ஏறினால் ஒரு நாட்ச் கூட்ட வேண்டும். வால் எலும்பு வலியில் பாதி இதிலேயே குறையும்.

மீதிப் பாதிக்குச் சீட் தைப்பவரிடம் போங்கள். உட்கார்ந்து பழகிய ஒரு மாதம் கழித்து, எந்த இடத்தில் அழுத்துகிறது என்று சாக்பீஸால் குறித்துக் காட்டி, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கெட்டியான பஞ்சு வைக்கச் சொல்லுங்கள். என் சீட்டை அப்படித்தான் செய்தேன். போன பொங்கலுக்குத் திருச்சியிலிருந்து நாகர்கோவில் வரை போனதில், டீ குடிக்க மட்டும்தான் வண்டியை நிறுத்தினேன்.